கோபுரத்துக்கும் கைபேசிக்கும் இடையே

இலங்கையில் பாவனையிலுள்ள கையடக்கத் தொலைபேசி இணைப்புகளின் எண்ணிக்கை நாட்டின் சனத்தொகையை விட அதிகம். ஒருவரே இரண்டு சிம் வைத்திருப்பதும், ரூட்டருக்கு ஒன்று, பழைய போனுக்கு ஒன்று என வீட்டில் இணைப்புகள் சேர்ந்துகொண்டே போவதும் இதற்குக் காரணம். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் ஒருவர் இந்த நாட்டில் தொடர்பில்லாத மனிதரே இல்லை என்று முடிவு செய்துவிடுவார். தலைக்கு ஒன்றுக்கு மேல் என்ற சராசரிக்குள்ளேதான் வீட்டு முற்றத்தில் நின்று போனை மேலே தூக்கிப் பிடித்து ஒரு கோடாவது தெரிகிறதா என்று பார்க்கும் குடும்பங்களும் அடங்கியிருக்கின்றன.

தொலைத்தொடர்பில் நாம் பிந்தியவர்களும் அல்லர். தென்னாசியாவில் முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989 இல் ஆரம்பமானது இங்கேதான். மூன்றாம் தலைமுறைச் சேவை 2006 இலேயே வந்துவிட்டது. நான்காம் தலைமுறை 2013 இல் கைபேசிக்கு வந்தது. ஒவ்வொன்றும் கொழும்பில் தொடங்கி, மாவட்டத் தலைநகரங்களுக்குப் போய், பிறகு நெடுஞ்சாலையோரமாக நகர்ந்தது. நெடுஞ்சாலையை விட்டு விலகிய ஊர்களுக்கு அது எப்போது போய்ச் சேரும் என்ற கேள்வி அந்தக் கொண்டாட்டங்களில் பெரிதாக எழவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியது கொவிட். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் ஸூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் மாறின. 2021 இல் பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள், பற்றைக்காட்டினூடாக மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஒரு மலைப்பாறையின் உச்சியில் இருந்து பாடங்களைப் பெற்றுக்கொள்ளும் படங்கள் உலகச் செய்திகளில் வந்தன. லுணுகலைப் பகுதியில் பெரியவர்கள் காட்டுக்குள் மரத்தின் மேல் ஒரு பரண் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதன் மேலே ஏறினால் இணையம் கிடைத்தது. “என்ன ஆர்வம் இந்தப் பிள்ளைகளுக்கு” என்று பலரும் மெச்சினார்கள். ஆர்வம் மெச்சத்தக்கதுதான். ஆனால் ஒரு பிள்ளை மரத்தில் ஏறித்தான் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது என்றால், அங்கே முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் ஆர்வத்தை அல்ல.

பாறை உச்சியில் கிடைக்கும் சிக்னல் பள்ளத்தாக்கில் ஏன் கிடைப்பதில்லை? வானொலி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் பயணிப்பவை. கோபுரத்துக்கும் கைபேசிக்கும் இடையில் ஒரு மலை முதுகு குறுக்கிட்டால் அதன் பின்புறம் நிழல் விழுகிறது, வெயிலுக்கு நிழல் விழுவது போலவே. கோபுரம் இரண்டு கிலோமீற்றர் தூரத்தில் இருந்தும் ஊருக்குப் பயனில்லாமல் போவது இதனால்தான். அலைவரிசையும் முக்கியம். 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 1800, 2600 போன்ற உயர்ந்த அலைவரிசைகள் அதிகத் தரவைச் சுமக்கக் கூடியவை, ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். நகரத்தில் கோபுரங்கள் நெருக்கமாக இருப்பதால் இந்தக் களைப்பு தெரிவதில்லை. கிராமத்துக்கு உகந்தது தாழ்ந்த அலைவரிசைதான். உலகில் பல நாடுகள் தொலைக்காட்சியை டிஜிட்டலுக்கு மாற்றி, அதனால் விடுபட்ட 700 மெகாஹேர்ட்ஸ் பகுதியைக் கைபேசி இணையத்துக்குக் கொடுத்தன. நாமும் 2014 இல் ஜப்பானிய முறையில் டிஜிட்டல் தொலைக்காட்சிக்கு மாறத் தீர்மானித்தோம். தீர்மானம் பழையதாகிவிட்டது, மாற்றம் இன்னும் இழுபடுகிறது. தொலைக்காட்சிப் பெட்டிக்கும் கிராமத்துப் பிள்ளையின் பாடத்துக்கும் இப்படியும் ஒரு தொடர்பு இருக்கிறது.

இனி பணக் கணக்கு. ஒரு கோபுரம் என்பது வெறும் இரும்புச் சட்டகம் அல்ல. அதற்குக் காணி வேண்டும், பாதை வேண்டும், மின்சாரம் வேண்டும், மின்சாரம் நின்றால் கைகொடுக்கும் மின்கலங்களும் ஜெனரேட்டரும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கோபுரத்தை நாட்டின் ஏனைய வலையமைப்போடு இணைக்கும் ஒளியிழை வடமோ நுண்ணலை இணைப்போ வேண்டும். கருவிகள் இறக்குமதியாகின்றன, ஆகவே 2022 இல் ரூபாய் சரிந்தபோது அவற்றின் விலையும் ஏறியது. நகரத்தில் இதே செலவில் நிற்கும் கோபுரத்தை ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்துகிறார்கள். மலைக் கிராமத்தில் நூறு குடும்பங்கள், அவையும் சிறு தொகை ரீலோட் போடுபவை. எந்த நிறுவனமும் தானாக அங்கே போகாது. அதைப் பேராசை என்று திட்டிப் பயனில்லை. இலாபக் கணக்கு அப்படித்தான் ஓடும். அந்த இடத்தில்தான் அரசாங்கத்தின் கொள்கை தேவைப்படுகிறது.

கொள்கையின் வேர் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தில் இருக்கிறது. 1996 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உருவானது. ஆணைக்குழுவின் நோக்கங்களை அடுக்கும் பிரிவில், நியாயமான தேவைகள் அனைத்தையும் நிறைவு செய்யும் நம்பகமான சேவை கிடைப்பதை உறுதி செய்வது முதலிடத்தில் வருகிறது. அவசர சேவை, பொதுத் தொலைபேசி, கடல்சார் சேவை என்பவற்றோடு கிராமியச் சேவையும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது. ஆனால் அதே வாசகத்தில் ஓர் அடைப்புக்குறியும் உண்டு: நடைமுறைக்குச் சாத்தியமற்ற இடங்கள் நீங்கலாக. சட்டம் எழுதுவோருக்கு இப்படி ஒரு கதவு தேவைதான். எனினும் நடைமுறைக்குச் சாத்தியமற்ற இடம் எது, அதைத் தீர்மானிப்பவர் யார்? மூன்று தசாப்தங்களாக நம் கிராமங்கள் பல அந்த அடைப்புக்குறிக்குள்தான் குடியிருக்கின்றன.

கிராமத்துக்குப் போகும் செலவை யார் கொடுப்பது என்பதற்கு உலகெங்கும் பரவிய விடை ஒன்று உண்டு. தொலைத்தொடர்பிலிருந்தே ஒரு பங்கை அறவிட்டு, அதைக் கொண்டு சேவை இல்லாத இடங்களுக்கு மானியம் கொடுப்பது. இந்தியா 2002 முதல் நிறுவனங்களின் வருமானத்தில் ஒரு வீதத்தை இதற்கென எடுத்து வருகிறது. இலங்கை வேறொரு வழியைக் கண்டது. 2003 இல் சர்வதேச அழைப்புச் சேவை ஸ்ரீலங்கா டெலிகொமின் தனியுரிமையிலிருந்து விடுபட்டு ஏனைய நிறுவனங்களுக்கும் திறக்கப்பட்டபோது, வெளிநாட்டிலிருந்து உள்ளே வரும் அழைப்புகள் மீது ஒரு கட்டணம் விதிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம் அதைச் சட்டபூர்வமான அறவீடாக்கியது. அதில் ஒரு பகுதி, சேவை குன்றிய பகுதிகளுக்கு வலையமைப்பை விரிக்கும் நிறுவனங்களுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உள்ளே வந்த அழைப்புகள் யாருடையவை? றியாதிலும் குவைத்திலும் டோஹாவிலும் வேலை செய்த நம் ஊர்த் தாய்மாரும் வாப்பாமாரும் சாச்சாமாரும் வெள்ளிக்கிழமைகளில் எடுத்த அழைப்புகள் அதில் பெரும்பங்கு. “சாப்பிட்டியா மகள், ஸ்கூலுக்குப் போனியா?” என்று கேட்ட ஒவ்வொரு நிமிடத்திலிருந்தும் சில சதம் கிராமத்துத் தொடர்பாடலுக்கென ஒதுங்கியது. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன ஒரு தாய், தன் ஊருக்குக் கோபுரம் வருவதற்கான பணத்தையும் தன்னையறியாமல் கட்டிக்கொண்டிருந்தாள். அப்படிச் சேர்ந்த பணம் எந்த ஊரில் எந்தக் கோபுரமாக எழுந்தது என்று அந்தத் தாய்க்கு ஒருவரும் கணக்குக் காட்டவில்லை. இப்போது அழைப்புகள் வட்ஸ்அப்புக்கும் இமோவுக்கும் மாறிவிட்டன. அவை தொலைபேசி அழைப்பாகக் கணக்கில் வராமல் இணையத் தரவாகவே போய்வருவதால் அந்த அறவீட்டின் ஊற்றும் சுருங்குகிறது.

பணத்தைக் கோபுரத்தில் போடாமல் கட்டடத்தில் போட்ட ஒரு முயற்சியும் இருந்தது. 2005 அளவில் உலக வங்கியின் உதவியுடன் நடந்த ஈ-ஸ்ரீலங்கா திட்டத்தின் கீழ் ‘நெனசல’ என்ற பெயரில் கணினி நிலையங்கள் கிராமங்களில் திறக்கப்பட்டன. விகாரை, பள்ளிவாசல், கோவில், நூலகம் என்று மக்கள் ஏற்கெனவே கூடும் இடங்களில் அவை அமைந்தது நல்ல யோசனை. 2014 இல் கேட்ஸ் மன்றத்தின் கற்றலுக்கான அணுகல் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. பின்னர் கைபேசியே கணினியாகிவிட, பல நிலையங்கள் மங்கிப் போயின. ஆனாலும் பெண் பிள்ளைகள் தயக்கமின்றிப் போய் உட்காரக்கூடிய, பெற்றோருக்குத் தெரிந்த ஒரு பொது இடம் என்ற அதன் பெறுமதியை இன்றைய திட்டங்கள் எதுவும் ஈடு செய்யவில்லை என்பது என் எண்ணம்.

பலூன் கதையையும் சொல்லாமல் விட முடியாது. 2015 இல் அரசாங்கம் கூகுளுடன் உடன்படிக்கை செய்து, வானத்தில் மிதக்கும் பலூன்களால் நாடு முழுவதற்கும் இணையம் தருவதாக அறிவித்தது. 2016 பெப்ரவரியில் ஒரு பலூன் கம்பளைப் பகுதியில் தேயிலைத் தோட்டமொன்றில் வந்து இறங்கியது. அலைவரிசை ஒதுக்கீட்டுச் சிக்கலில் திட்டம் மேலே போகவில்லை. 2021 இல் கூகுளின் தாய் நிறுவனம் அந்தப் பலூன் முயற்சியையே உலகெங்கும் மூடிவிட்டது. தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் பலூனைப் பார்த்தார்கள், இணையத்தைப் பார்க்கவில்லை.

கொவிட் காலத்தில் வந்த ‘கமட்ட சன்னிவேதனய’, அதாவது கிராமத்துக்குத் தொடர்பாடல், மீண்டும் தரைக்கு வந்த திட்டம். கோபுரம் கட்டும் செலவில் ஒரு பகுதியை ஆணைக்குழு ஏற்கும். ஒரே கோபுரத்தைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும். நான்காம் தலைமுறைச் சேவை நாடெங்கும் போய்ச் சேரும் என்பது அதன் வடிவம். முன்னோடியாக இரத்தினபுரி மாவட்டம் எடுத்துக்கொள்ளப்பட்டது. பகிர்தல் என்பதுதான் இதில் மிகச் சரியான அம்சம். ஊருக்கு நடுவே ஒருவர் வக்பு செய்த கிணற்றில் எல்லோரும் தண்ணீர் அள்ளுகிறார்கள். நான்கு வீட்டார் பக்கத்தில் பக்கத்தில் நான்கு கிணறு தோண்டுவதில்லை. நகரங்களில் நமது நிறுவனங்கள் நீண்ட காலம் நான்கு கிணறு தோண்டிக்கொண்டுதான் இருந்தன. 2018 இல் ஹட்ச் எதிசலாத்தை வாங்கி, 2024 இல் டயலொக்குடன் எயார்டெல் இணைந்த பின் சந்தையில் மூன்று கைபேசி நிறுவனங்களே எஞ்சியிருக்கின்றன. மூன்றுக்கும் ஒரு கோபுரம் போதும் என்ற வாதம் இப்போது இன்னும் வலுவாகிறது. ஆனால் போட்டி குறைந்த சந்தையில் கட்டணத்தைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பு ஆணைக்குழுவின் தோளில் முன்னரை விட அதிகமாக விழுகிறது.

எனினும் இத்தகைய திட்டங்களின் வெற்றியை எதைக் கொண்டு அளக்கிறோம்? மாவட்டத்துக்கு இத்தனை கோபுரம், சனத்தொகையில் இத்தனை வீதத்தினருக்குக் கவரேஜ் என்பதே வழக்கமான அறிக்கை. நமக்கு நன்கு பழக்கமான இன்னொரு கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்று இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வசதி இல்லை என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. ஆனால் மாவட்டம் என்பது மிகப் பெரிய அலகு. பதுளை நகரில் ஒளியிழை இணைப்புள்ள வீட்டில் படிப்பவளும், அதே மாவட்டத்தில் பாறை ஏறிப் படித்தவளும் ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிடுகிறார்கள். கவரேஜ் கணக்கிலும் இதே குறைதான். மாவட்டச் சராசரி உயர உயர, விடுபட்ட கிராமம் இன்னும் கண்ணுக்கு மறைகிறது. நாட்டில் 14,000க்கு மேற்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் இருக்கின்றன. அளவுகோல் அந்த மட்டத்துக்கு இறங்க வேண்டும்.

கவரேஜ் என்ற சொல்லுக்கும் விளக்கம் தேவை. திறந்த வெளியில் நின்றால் சிக்னல் உண்டு, வீட்டுக்குள் போனால் இல்லை என்பது ஒரு நிலை. சிக்னல் நான்கு கோடு காட்டும், காணொளி ஓடாது என்பது இன்னொரு நிலை. கோபுரத்தின் பின்னாலுள்ள இணைப்பு சிறிதாக இருந்தாலோ, மாலையில் ஊரே ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலோ இப்படி ஆகும். மூன்றாவது, மின்சாரம் இருக்கும் வரைதான் சிக்னல் என்ற நிலை. 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின் துண்டிக்கப்பட்ட நாட்களில் இதை நாடே கண்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மலைநாட்டில் மின்சாரமும் வடங்களும் அறுந்து, உதவிக்கு அழைக்க வேண்டிய நேரத்திலேயே பல ஊர்கள் ஊமையாகின. இந்த மூன்று நிலைகளும் அறிக்கையில் ‘கவரேஜ் உண்டு’ என்ற ஒரே நிரலில் வந்துவிடக் கூடியவை.

வீட்டுக்குள் சிக்னல் என்பது நமக்குச் சிறிய விடயம் அல்ல. சிக்னல் தேடி வெளியே போவது ஆண் பிள்ளைக்கு ஒரு சிரமம். பெண் பிள்ளைக்கு அதுவே தடை. மஃரிபுக்குப் பிறகு வீதியோரப் பாலத்திலோ குன்றின் மேலோ போய் இருந்து உயர்தர வகுப்பைக் கேட்க எந்த உம்மாவும் மகளை அனுப்பப் போவதில்லை. அனுப்பாததற்காக உம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. எனவே ‘ஊரில் கவரேஜ் உண்டு’ என்று பதிவாகும் இடத்திலும், அந்தக் கவரேஜ் தம்பிக்கு மட்டும் உரியதாக இருந்துவிடலாம். பரீட்சை விண்ணப்பமும், பெறுபேறும், பல்கலைக்கழக விண்ணப்பமும் இணையத்துக்குப் போய்விட்ட காலத்தில் இது வெறும் வசதிக் குறைவு அல்ல. கணினி நிலையத்தில் அந்நியர் ஒருவரிடம் அடையாள அட்டை இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் கொடுத்து விண்ணப்பம் நிரப்புவிக்கும் பிள்ளைகள் எதைக் கையளிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கருவியின் விலையும் சேர்கிறது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானதோடு, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த கைபேசிகளும் அந்த வரிக்குள் வந்தன. கோபுரத்துக்கு ஒரு கையால் மானியம், கைபேசிக்கு மறு கையால் வரி. பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட் போன். வாப்பா வேலைக்குப் போகும்போது அதுவும் போய்விடும்.

சில ஊர்களில் கோபுரத்தை வேண்டாம் என்பவர்களும் நாமே. கதிர்வீச்சு, புற்றுநோய் என்ற அச்சம் பரவி, அனுமதி கொடுத்த காணியில் வேலை நிற்பதுண்டு. கைபேசிக் கோபுரத்தின் அலைகள் எக்ஸ்ரே போன்ற அயனாக்கும் கதிர்கள் அல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் இதுவரை கிடைத்த ஆய்வுகளில் கோபுர அலைகளால் உடல்நலத் தீங்கு நிறுவப்படவில்லை என்றே சொல்கிறது. இன்னொன்று, கோபுரம் தூரமானால் நம் கையிலுள்ள போன் அதை எட்டுவதற்கு அதிக வலுவுடன் அலை பரப்ப வேண்டியிருக்கும். ஆனால் மக்களைக் கூட்டி, அளந்து காட்டி, விளக்காமல் இரவோடிரவாகச் சட்டகத்தை எழுப்பினால் சந்தேகம் வரத்தான் செய்யும். அதற்கு ஊரை மட்டும் குறை கூற முடியாது.

கோபுரமே வேண்டாத வழியும் இப்போது வந்திருக்கிறது. 2024 இல் தொலைத்தொடர்புகள் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, ஸ்டார்லிங்குக்கு உரிமம் கிடைத்து, 2025 ஜூலையில் செய்மதி இணையச் சேவை தொடங்கியது. மலை நிழல் அதற்கு அவ்வளவு பொருட்டல்ல. வானம் தெரிந்தால் போதும். மாதக் கட்டணமோ ஐந்து இலக்கம், தட்டுக்கு வேறு விலை. தோட்டத் தொழிலாளியோ மீனவரோ தனித்து வாங்கக் கூடியதல்ல. ஆனால் ஒரு பாடசாலையோ, பள்ளிவாசல் நூலகமோ, பழைய நெனசல கட்டடமோ வாங்கி ஊருக்குப் பகிரலாம். கோபுரம் போக முடியாத கடைசிச் சில கிராமங்களுக்கு மானியத்தை இந்த வழியில் திருப்புவது, மலையைச் சுற்றி வடம் இழுப்பதை விட மலிவாகவும் இருக்கலாம். அப்போது சட்டத்தின் அந்த அடைப்புக்குறிக்கு நியாயம் குறைகிறது. தொழில்நுட்ப ரீதியில் சாத்தியமற்ற இடம் என்று சொல்ல இனி நாட்டில் அதிக இடம் இல்லை. மிஞ்சுவது செலவு பற்றிய தீர்மானம் மட்டுமே.

அந்தத் தீர்மானம் எப்படி எடுக்கப்படுகிறது என்று கேட்க வழியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் ஓர் அரச நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் விண்ணப்பிக்கலாம். தகவல் தரப்படுமா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஊரின் பெற்றோர் சங்கமோ மாதர் சங்கமோ எழுதுவதானால் ஒரு பக்கத்தில் அடங்கும். நமது கிராம உத்தியோகத்தர் பிரிவு சேவை குன்றிய பிரிவாகப் பதிவாகியுள்ளதா? ஆம் எனில் கோபுரத்துக்கான திட்டம் எந்த ஆண்டுக்குரியது? இல்லை எனில் அந்தக் கவரேஜ் அளக்கப்பட்டது எந்தத் திகதியில், வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா? மின்சாரம் நின்றால் அருகிலுள்ள கோபுரம் எத்தனை மணித்தியாலம் இயங்கும்?